பழைய துப்பாக்கியும் வேட்டை அறமும்: அமெரிக்க மான்வேட்டை எழுத்துகளில் கருவி பெறும் பொருள்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உருவான லீவர் ஆக்ஷன் ரைபிள் இன்றைய அமெரிக்க மான்வேட்டைப் பண்பாட்டில் அடக்கத்தின், அளவறிந்து கொல்லும் நெறியின் சின்னமாகப் போற்றப்படுகிறது. ஆனால் அது தோன்றிய காலத்தில் வேகத்திற்கும் பெருக்கத்திற்கும் உரிய கருவியாகவே விளங்கியது. இம்முரணை முன்னிறுத்தி, ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர், தியோடர் ரூஸ்வெல்ட், ஆல்டோ லியோபோல்ட், வில்லியம் ஃபாக்னர் ஆகிய நால்வரின் எழுத்துகளில் வேட்டைக் கருவி பெறும் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது. அறத்தைக் கருவியில் ஏற்றிக் காணும் போக்கு வேட்டுவனைத் தன் செயலின் பொறுப்பிலிருந்து விடுவிக்கிறது என்பதும், அப்போக்கின் மிகக் கடுமையான விமரிசனம் ஃபாக்னரின் புனைவிலேயே அமைந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: மான்வேட்டை, லீவர் ஆக்ஷன் ரைபிள், நேர்மை வேட்டை, கருப்பொருள், கூப்பர், ரூஸ்வெல்ட், லியோபோல்ட், ஃபாக்னர்.

1. முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கிழக்கு மாநிலக் காடுகளில் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர் காலத்தில் வெள்வால் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. தொலைநோக்கி பொருத்திய நவீன ரைபிள்கள் எளிதில் கிடைக்கும் இக்காலத்திலும், வேட்டுவருள் ஒரு சாரார் பாட்டனார் காலத்து வின்செஸ்டர், மார்லின், சாவேஜ் ரைபிள்களையே விரும்பி எடுத்துச் செல்கின்றனர். இத்தெரிவுக்கு அவர்கள் கூறும் காரணங்களுள் அழகுணர்வும் குடும்ப நினைவும் உண்டு. எனினும் அடிக்கடி முன்வைக்கப்படுவது ஓர் அறவாதம். பழைய துப்பாக்கி வேட்டுவனை மானுக்கு அருகில் செல்ல வைக்கிறது, ஒரே தோட்டாவில் முடிக்கும் பொறுமையைக் கற்பிக்கிறது, விலங்குக்குத் தப்பும் வாய்ப்பைத் தருகிறது என்பது அவ்வாதம்.

இவ்வாதத்தின் வேர்கள் அமெரிக்க இலக்கியத்தில் உள்ளன. வேட்டையை அறநூலாகவும் கருவியை அவ்வறத்தின் அடையாளமாகவும் காணும் மரபு கூப்பரிடம் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை நீள்கிறது. அம்மரபின் முதன்மையான நூல்களைக் கூர்ந்து வாசித்தால், அவை இவ்வாதத்தை முழுமையாக ஆதரிக்கின்றனவா என்னும் ஐயம் எழுகிறது. அந்த ஐயமே இக்கட்டுரையின் தொடக்கம்.

வாசிப்பு முறைக்காக ஒரு சொல்லை மட்டும் தமிழ் இலக்கணத்திலிருந்து இக்கட்டுரை பெற்றுக்கொள்கிறது. முதல், கரு, உரி என்னும் மூன்றனுள் முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறக்கும் என்று தொல்காப்பிய உரையாசிரியர்கள் விளக்குவர். நிலத்தில் காணும் பொருள்கள் யாவும் மனித ஒழுக்கத்தோடு இயைந்தே பாட்டில் பொருள் பெறுகின்றன. சங்கப் பாடல்களையும் அமெரிக்கப் புனைவையும் ஒப்பிடுவது இங்கு நோக்கமன்று. ஒரு கருப்பொருள் எப்போது உரிப்பொருளின் இடத்தைக் கவர்ந்துகொள்கிறது என்னும் வினாவை எழுப்புவதற்கு மட்டுமே இம்முறை பயன்படுகிறது.

2. பெருக்கத்தின் கருவி

விசைக்காப்போடு இணைந்த லீவரைக் கீழே தள்ளினால் வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே விழுகிறது. மேலே இழுத்தால் அடுத்த தோட்டா குழலில் ஏறுகிறது. லீவர் ஆக்ஷன் ரைபிளின் செயல்முறை இதுவே. 1860ஆம் ஆண்டின் ஹென்றி ரைபிள் தன் குழாயில் 16 தோட்டாக்களைத் தாங்கியது. வாய்வழி மருந்து கெட்டித்து ஒவ்வொரு முறையும் ஒரு குண்டு சுட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இது வியப்பளித்த வேகம். 1866இல் வின்செஸ்டர் நிறுவனம் தன் பெயரில் முதல் ரைபிளை வெளியிட்டது. தொடர்ந்து 1873, 1876, 1886 ஆகிய ஆண்டுகளின் பெயர் தாங்கிய வகைகள் வந்தன. ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1894ஆம் ஆண்டு வகை இவ்வரிசையில் மிகப் புகழ்பெற்றது. மறு ஆண்டில் அதற்கெனப் புகையற்ற வெடிமருந்து நிரப்பிய .30-30 தோட்டா வெளிவந்தது. எடை குறைந்த துப்பாக்கி, விரைந்த குண்டு, பார்வையை மறைக்கும் புகை இல்லாமை என அக்காலத்தின் புதுமைகள் அனைத்தும் அதில் ஒன்றுகூடின. 70 இலட்சத்திற்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் அது உற்பத்தியானது.

அதே காலத்தில் மானின் நிலை என்ன? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெள்வால் மான்களின் எண்ணிக்கை 5 இலட்சத்திற்கும் குறைந்துவிட்டதாக மதிப்பிடப்படுகிறது. காடழிப்பு, நகரச் சந்தைகளுக்காக நிகழ்ந்த வணிக வேட்டை, இறைச்சியைத் தொலைவுக்குக் கொண்டுசென்ற இருப்புப்பாதை ஆகியன இதற்குக் காரணங்கள். தொடர்ந்து சுடும் ரைபிள் மட்டுமே இவ்வழிவை உண்டாக்கியது எனக் கூறுவது பிழை. ஆயினும் அழிவின் காலமும் அக்கருவி பரவிய காலமும் ஒன்றே. இன்று மான்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 3 கோடி. இம்மீட்சிக்கு வழிவகுத்தவை மாநிலங்களின் வேட்டைப் பருவக் கட்டுப்பாடுகள், சட்டத்திற்குப் புறம்பாகக் கொன்ற விலங்குகளை மாநில எல்லை கடந்து விற்பதைத் தடுத்த 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையின் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டின் பிட்மன் ராபர்ட்சன் சட்டம் முதலியவை. கைவிடப்பட்ட வேளாண் நிலங்களில் மீண்டும் காடு வளர்ந்ததும் இதற்குத் துணைநின்றது. மேற்குறித்த வரி பழைய வடிவ ரைபிளுக்கும் புதியதற்கும் வேறுபாடு பார்ப்பதில்லை.

லீவர் ரைபிள் பழமையின் சின்னமானது பிற்காலத்தில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போல்ட் ஆக்ஷன் ரைபிளும் தொலைநோக்கியும் பரவின. அவற்றோடு ஒப்பிடுகையில் லீவர் ரைபிளின் எல்லைகள் வெளிப்பட்டன. குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைவதால், பின்தோட்டாவின் கூர்முனை முன்தோட்டாவின் பற்றவைப்புப் பகுதியில் குத்தி வெடிக்கும் அபாயம் உண்டு. எனவே தட்டை முனைக் குண்டுகளே அதற்கு ஏற்றன. தட்டை முனைக் குண்டு காற்றில் விரைவாக வேகம் இழக்கும். தொலைதூரக் குறிக்கு உதவாது. சுழல் அமைப்பில் தோட்டாக்களைத் தாங்கிய சாவேஜ் வகைக்கு இக்குறை இல்லை என்பதும் கருதத்தக்கது. 1964இல் உற்பத்திச் செலவைக் குறைக்க வின்செஸ்டர் தன் செய்முறையை மாற்றியபோது, அதற்கு முன் செய்யப்பட்டவை சேகரிப்போரின் அரும்பொருள்களாயின. 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டபோது அந்த ஏக்கம் மேலும் வலுப்பெற்றது.

இவ்வரலாற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. 1894இல் மிகுதியைக் குறித்த கருவியே 1964க்குப் பின் குறைவைக் குறிக்கலாயிற்று. இடைப்பட்ட காலத்தில் கருவியின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. அதன் அருகில் வைத்து நோக்கப்பட்ட பிற கருவிகள் மாறின. எரிக் ஹாப்ஸ்பாமும் டெரன்ஸ் ரேஞ்சரும் 1983இல் பதிப்பித்த நூலின் வழியே ‘புனையப்பட்ட மரபு’ என்னும் கருத்தாக்கம் ஆய்வுலகில் நிலைபெற்றது. பழைய துப்பாக்கியின் அறம் அவ்வகை மரபுக்குத் தக்க சான்று.

3. கூப்பர்: ஒற்றைக் குண்டும் மிகைக் கொலையும்

கூப்பரின் ‘தி பயனியர்ஸ்’ புதினம் 1823இல் வெளிவந்தது. ஒரு மான் யாருடைய குண்டுக்கு வீழ்ந்தது என்னும் வழக்கோடு கதை தொடங்குகிறது. நீதிபதி டெம்பிள் பல சிறு குண்டுகள் சிதறும் துப்பாக்கியால் சுடுகிறார். அவற்றுள் ஒன்றும் மான்மேல் படவில்லை. நான்கு மரத்தில் பாய்கின்றன, ஒன்று இளைஞன் எட்வர்ட்ஸின் தோளைத் துளைக்கிறது. மான் வீழ்ந்ததோ ஒற்றைக் குண்டு ரைபிளுக்கு. சிதறும் குண்டு பொறுப்பின்மையையும் ஒற்றைக் குண்டு தேர்ச்சியையும் குறிக்கும் எதிர்நிலை இங்கேயே உருவாகிவிடுகிறது. பின்னர் வரும் புறாக் கொலைக் காட்சியில் ஊரார் சிறு பீரங்கியையே பயன்படுத்துகின்றனர். முதிய வேட்டுவன் நாட்டி பம்போ தனக்குத் தேவையான ஒரு புறாவை ஒரு குண்டால் வீழ்த்தி, அவர்களைக் கடிந்துவிட்டு விலகுகிறான்.

இக்காட்சிகளை மட்டும் நோக்கினால் அறம் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியில் உறைவதாகத் தோன்றும். ஆனால் கூப்பரின் கதைப்போக்கு அத்துணை எளிதன்று. வேட்டைக்கு விலக்கப்பட்ட பருவத்தில் ஏரியில் நீந்தும் கலைமானைக் கண்டதும் நாட்டி படகில் விரட்டிச் சென்று கத்தியால் அதன் கழுத்தை அறுக்கிறான். துப்பாக்கியினும் தொன்மையான கருவி அது. எனினும் அச்செயல் சட்டத்தை மீறுகிறது. தொடர்ந்து நாட்டி தொழுமரத்தில் பிணிக்கப்பட்டுச் சிறையும் புகுகிறான். கருவியின் எளிமை அவனைக் காக்கவில்லை. மறுபுறம், சட்டம் இயற்றிய டெம்பிளும் புறாக் கொலையில் கலந்து, முடிந்த பின்னரே வருந்துகிறார். சட்டம் ஒருவரிடமும் தேர்ச்சி மற்றொருவரிடமும் இருக்க, அடக்கம் இருவரிடமும் தவறிப்போகும் தருணங்களைக் கூப்பர் மறைக்கவில்லை.

1841இல் வெளிவந்த ‘தி டியர்ஸ்லேயர்’ இதனை மேலும் நுட்பமாகக் காட்டுகிறது. இளைஞனான நாட்டிக்கு ஜூடித் என்பாள் ‘கில்டியர்’ என்னும் சிறந்த ரைபிளை அளிக்கிறாள். மான் கொல்லி என்பதே அப்பெயரின் பொருள். அதன் திறனைச் சோதிக்கும் ஆர்வத்தில் அவன் வானில் உயரப் பறந்த கழுகை வீழ்த்துகிறான். உணவுக்கும் தற்காப்புக்கும் பயன்படாத அக்கொலைக்காக உடனே மனம் நோகிறான். அடக்கத்தின் உருவமாகப் படைக்கப்பட்டவன், மேலான கருவி கைக்கு வந்ததும் செய்த முதற்செயல் வீண்கொலை. அக்கருவியும் ஒற்றைக் குண்டு ரைபிளே என்பது குறிப்பிடத்தக்கது. பிற்கால வாசகர் நாட்டியின் துப்பாக்கியை நினைவில் வைத்து, அவன் வருத்தத்தை மறந்தனர்.

4. ரூஸ்வெல்ட்: தோலாடையும் புதிய துப்பாக்கியும்

தியோடர் ரூஸ்வெல்ட்டின் ‘ஹன்டிங் டிரிப்ஸ் ஆஃப் எ ராஞ்ச்மேன்’ 1885இல் வெளிவந்தது. டகோட்டா நிலப்பரப்பின் வேட்டை அனுபவங்களைக் கூறும் அந்நூலில் அவர் தம் வின்செஸ்டரைத் தாம் பயன்படுத்தியவற்றுள் சிறந்ததாகப் பாராட்டுகிறார். நடந்தும் குதிரைமீதும் எடுத்துச் செல்ல எளியது, தோளுக்கு விரைந்து ஏறுவது என்பன போன்ற சிறப்புகளை அடுக்குகிறார். இப்பாராட்டில் பழமை ஏக்கம் சிறிதும் இல்லை. அது அன்றைய புதுமையை ஏற்ற ஒருவரின் குரல்.

அக்காலத்தில் நியூயார்க் நகரப் படப்பிடிப்பு அறையில் எடுக்கப்பட்ட அவரது புகைப்படங்கள் பரவலாக அறியப்பட்டவை. அவற்றில் குஞ்சம் தொங்கும் மான்தோல் ஆடை அணிந்து, 1876 வகை வின்செஸ்டரைக் கையில் ஏந்தி அவர் நிற்கிறார். ஆடை டேனியல் பூன் காலத்தை நினைவூட்டுவது. துப்பாக்கி அவர் காலத்துத் தொழிற்சாலையில் உருவானது. பழமையைச் சுமக்கும் பணியை அப்படத்தில் ஆடை ஏற்கிறது. நூறாண்டுகளுக்குப் பின் அப்பணி துப்பாக்கிக்கு மாறிவிட்டது. எந்தப் பொருள் பழமையைச் சுமக்கிறது என்பது காலத்துக்குக் காலம் மாறினும், ஏதேனும் ஒரு பொருள் அதைச் சுமக்க வேண்டும் என்னும் தேவை மாறவில்லை.

1887இல் ரூஸ்வெல்ட் முன்னின்று நிறுவிய பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், விலங்குக்குத் தப்பும் வாய்ப்பளித்து வேட்டையாடும் நெறியை வலியுறுத்தியது. இதனை நேர்மை வேட்டை எனலாம். சங்கத்தின் விதிகள் இரவில் ஒளிகாட்டிச் சுடுதல், ஆழ்ந்த பனியில் சிக்கிய மானைக் கொல்லுதல், நீந்தும் விலங்கைப் படகிலிருந்து கொல்லுதல் முதலிய முறைகளை நேர்மை வேட்டையிலிருந்து விலக்கின. இரண்டு செய்திகள் இங்கே கவனத்திற்குரியன. முதலாவது, அமெரிக்க வேட்டை அறத்தின் மூதாதையாகக் கொண்டாடப்படும் நாட்டி பம்போ ஏரியில் செய்த கொலை இவ்விதியின்படி நேர்மையற்றது. இரண்டாவது, விலக்கப்பட்டவை யாவும் விலங்கின் இயலாமையைப் பயன்படுத்தும் சூழல்கள். தொடர்ந்து சுடும் துப்பாக்கி அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அறத்தை முதலில் விதியாக வகுத்தவர்கள் அதைக் கருவியில் தேடவில்லை. செயலின் சூழலில் தேடினர். பிற்கால ஏக்கம் இந்நுட்பத்தை இழந்துவிட்டது.

5. லியோபோல்ட்: கட்டாயம் நெறியாகும் விதம்

ஆல்டோ லியோபோல்டின் ‘எ சாண்ட் கவுண்டி அல்மனாக்’ அவர் மறைவுக்குப் பின் 1949இல் வெளிவந்தது. அதில் இடம்பெறும் ‘வைல்ட்லைஃப் இன் அமெரிக்கன் கல்ச்சர்’ என்னும் கட்டுரை, வேட்டைக் கருவிகளின் பெருக்கத்தைக் கண்டிக்கிறது. விற்பனைக்கு வரும் கருவிகள் வேட்டுவனின் தன்னிறைவுக்கும் காட்டறிவுக்கும் துணைநில்லாமல் அவற்றின் இடத்தையே பிடித்துக்கொள்கின்றன என்பது அவர் வாதம். குறைந்த சுமையோடு சென்று ஒரு குண்டில் ஒரு மானை வீழ்த்தும் எல்லைப்புற மரபை அவர் போற்றுகிறார். இவ்விடத்தில் அவர் நேர்மையான ஒரு குறிப்பையும் சேர்க்கிறார். அம்மரபு தொடக்கத்தில் விரும்பி ஏற்றதன்று; வண்டியும் பணமும் தோட்டாவும் குறைவாக இருந்ததால் விளைந்த கட்டாயம். பின்னரே அது தாமாக ஏற்கும் நெறியாக உயர்ந்தது.

இவ்விளக்கம் லீவர் ரைபிளுக்குப் பொருந்துமா? பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. எல்லைப்புற வேட்டுவனுக்குத் தோட்டா அரிதாக இருந்தது மெய். லீவர் ரைபிள் ஏந்தியவனுக்குத் தோட்டா அரிதன்று. அவன் கருவியின் சிறப்பே தோட்டாவின் மிகுதி. எனவே இங்கு கட்டாயம் நெறியாகவில்லை. மிகுதிக்குரிய கருவி, அதனினும் மிகுந்த ஆற்றலுடைய கருவி வந்ததால், ஒப்பீட்டளவில் எளிமை வேடம் பூண்டது. லியோபோல்டின் வாதத்தை லீவர் ரைபிளுக்கு ஆதரவாக எடுத்தாள்வோர் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும். அவர் தாமே வில் செய்து மான்வேட்டைக்குச் சென்றவர் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். கருவியைச் செய்யும் உழைப்பும் அறிவும் அவருக்கு முதன்மை. கருவியின் வயது அன்று.

அதே நூலின் ‘திங்கிங் லைக் எ மவுண்டன்’ கட்டுரையில் ஒரு தாய் ஓநாயும் அதன் வளர்ந்த குட்டிகளும் சுடப்படும் காட்சி புகழ்பெற்றது. இளைஞர்கள் குறியினும் கிளர்ச்சி மிகுந்தவர்களாய்த் துப்பாக்கிகள் காலியாகும் வரை சுடுகின்றனர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் அது வேட்டுவனின் சொர்க்கம் என்பது அன்றைய நம்பிக்கை. இறக்கும் ஓநாயின் கண்களில் அணையும் பச்சை ஒளியைக் கண்ட பின்னரும், மேய்ப்பு மிகுந்து மலைகள் மொட்டையானதைப் பல்லாண்டுகள் கண்ட பின்னருமே அவர் வேறு முடிவுக்கு வருகிறார். எல்லைப்புற மரபின் ஒற்றைக் குண்டைப் போற்றியவரின் மறக்க இயலாத காட்சி, தோட்டாக்கள் தீரும் வரை சுட்ட காட்சி. லீவர் ரைபிள் இன்னும் பழம்பொருளாகாத காலத்து இளமை அது. அக்காலத்து வேட்டுவன் இயல்பாகவே அடக்கமுடையவன் என்னும் கற்பனைக்கு அவருடைய நினைவே மறுப்பாக அமைகிறது.

6. ஃபாக்னர்: கருவியைக் கைவிடுதலும் கைம்மாற்றுதலும்

வில்லியம் ஃபாக்னரின் ‘கோ டவுன், மோசஸ்’ 1942இல் வெளிவந்தது. ஐசக் மெக்காஸ்லினின் வாழ்வை மிசிசிப்பிக் காட்டு வேட்டையோடு பிணைக்கும் கதைகள் அதில் உள்ளன. சிக்கசா தலைவனுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த சாம் ஃபாதர்ஸ் அவனுக்கு வேட்டை கற்பிக்கிறார். ‘தி ஓல்ட் பீப்பிள்’ கதையில் சிறுவன் ஐசக் முதல் மானை வீழ்த்தியதும் அதன் குருதியைச் சாம் அவன் முகத்தில் பூசுகிறார். அதே கதையின் இறுதியில் பெருங்கலை ஒன்று அவர்கள் முன் நடந்துவருகிறது. சாம் அதை மூதாதையாக விளித்து வணங்குகிறார். துப்பாக்கி உயரவில்லை. வேட்டையின் உச்சம் சுடாத தருணத்தில் அமைகிறது.

‘தி பேர்’ கதையில் இப்பொருள் முழுமை பெறுகிறது. ஓல்ட் பென் என்னும் கரடியைக் காண விரும்பும் ஐசக் முதலில் துப்பாக்கியை விட்டுச் செல்கிறான். அதுவும் போதாதபோது கடிகாரத்தையும் திசைகாட்டியையும் துறக்கிறான். அதன் பின்னரே கரடி காட்சி தருகிறது. இப்பகுதியைக் கருவி துறப்பின் கவிதையாக வாசிப்பது வழக்கம். ஆனால் அதே கதையில் ஐசக் பெறும் துப்பாக்கி பற்றிய ஒரு குறிப்பு போதிய கவனம் பெறவில்லை. கிறிஸ்துமஸ் பரிசாக வந்த அதனை அவன் ஏறத்தாழ 70 ஆண்டுகள் பயன்படுத்துகிறான். இருமுறை குழல்களும் இயங்கு பாகங்களும் மாற்றப்படுகின்றன. ஒருமுறை கட்டையும் மாற்றப்படுகிறது. இறுதியில் 1878ஆம் ஆண்டும் பெயர்களும் பொறித்த, வெள்ளி இழைத்த விசைக்காப்பு மட்டுமே மூலத் துப்பாக்கியில் எஞ்சுகிறது. சுடும் உறுப்புகள் யாவும் புதியவை. பழமையாக நின்றது பெயரும் ஆண்டும் பொறித்த அணி மட்டுமே. பழந்துப்பாக்கி வழிபாட்டின் உள்ளீட்டை இதனினும் சுருக்கமாகக் கூறுதல் அரிது.

காட்டை அழித்தது எதுவென்பதிலும் ஃபாக்னருக்கு ஐயமில்லை. மேஜர் டி ஸ்பெயின் மர உரிமையை மெம்ஃபிஸ் நகர நிறுவனத்திற்கு விற்கிறார். இரயில் காட்டுக்குள் நுழைகிறது. கதையின் முடிவில் பூன் ஹாகன்பெக் ஒரு மரத்தடியில் அமர்ந்து, பிரிந்த துப்பாக்கியின் ஒரு பகுதியால் மறுபகுதியை அறைந்துகொண்டு, மரத்திலுள்ள அணில்கள் எல்லாம் தனக்கே உரியவை என்று கூவுகிறான். காடு போன பின் எஞ்சியவை உடைமைவெறியும் உடைந்த கருவியும்.

எனினும் கருவி வழிபாட்டுக்கு எதிரான மிகக் கடுமையான தீர்ப்பு ‘டெல்டா ஆட்டம்’ கதையிலேயே உள்ளது. ஐசக் எண்பதை நெருங்குகிறார். முன்பு 30 மைல் தொலைவில் இருந்த காட்டை அடைய இப்போது 200 மைல் செல்ல வேண்டியுள்ளது. உடன்வரும் லீகேட், உறவினன் ராத் எட்மண்ட்ஸைக் கேலி செய்கையில், ராத் தொடர்பு கொண்ட பெண்ணைப் பிணைமானாகக் குறித்துப் பேசுகிறான். மறுநாள் காலை அப்பெண் குழந்தையோடு கூடாரத்திற்கு வருகிறாள். ராத் விட்டுச்சென்ற பணத்தை ஐசக் நீட்டுகிறார். அவள் மெக்காஸ்லின் குடும்பத்தின் கறுப்பினக் கிளையைச் சேர்ந்தவள் என்பது வெளிப்பட்டதும் அவர் அதிர்கிறார். வடக்கே சென்று அவள் இனத்தவன் ஒருவனை மணக்குமாறு கூறுகிறார். இளமையில் தம் முன்னோரின் அடிமைமுறைக் குற்றத்தைக் கணக்கேடுகளில் கண்டு, 21ஆம் வயதில் நிலவுரிமையைத் துறந்தவர் இவர் என்பதை வாசகர் மறக்க இயலாது. அன்பைப் பற்றித் தாம் அறிந்தவற்றையெல்லாம் மறந்துவிட்டீரா எனும் பொருள்பட அவள் கேட்கும் கேள்விக்கு அவரிடம் மறுமொழி இல்லை.

அப்போது அவர் செய்வது ஒன்றே. ஜெனரல் காம்ப்சன் தமக்கு விட்டுச்சென்ற, வெள்ளி பதித்த வேட்டைக் கொம்பைக் குழந்தைக்கு அளிக்கிறார். இச்செயலைக் குடும்ப உறவின் ஏற்பாகக் கருத இடமுண்டு. வேட்டைத் தோழமையின் மரபுச் சின்னம் கறுப்பினக் கிளையின் குழந்தைக்குச் செல்வது பொருளற்றதன்று. ஆனால் அக்குழந்தைக்குத் தந்தையின் பெயர் கிடைக்கவில்லை, நிலம் கிடைக்கவில்லை, தாயோடு அது விலக்கியனுப்பப்படுகிறது. நீதி வழங்க வேண்டிய இடத்தில் பழம்பொருள் வழங்கப்படுகிறது. கொடுப்பவரின் உள்ளம் ஓரளவு ஆறுகிறது. பெறுபவளின் நிலை மாறவில்லை. விசைக்காப்பில் எஞ்சிய வெள்ளியும் கொம்பைச் சுற்றிய வெள்ளியும் ஒரே பணியைச் செய்கின்றன. மாற்ற வேண்டியதை மாற்றாமலேயே தூய்மை உணர்வை அவை தருகின்றன.

கதையின் கடைசி நிகழ்ச்சி இதற்கு முத்திரையிடுகிறது. ராத் ஒரு மானைச் சுட்டுவிட்டதாகக் கூறி லீகேட் கத்தி தேடி வருகிறான். என்ன மான் என்னும் வினாவுக்குத் தெளிவான விடை தர அவன் தயங்குகிறான். அது பிணைமான் என்று ஐசக் உணர்ந்துகொள்கிறார். பிணையைச் சுடலாகாது என்பது அம்முகாமின் நெறி. காட்டில் மீறப்பட்ட நெறியும் கூடாரத்தில் கைவிடப்பட்ட பெண்ணும் ஒரு சொல்லில் சந்திக்கின்றனர். மானிடம் அடக்கம் கற்றவர் மனிதரிடமும் அடக்கமும் பொறுப்பும் உடையவராவார் என்னும் எதிர்பார்ப்பு அங்கே முறிகிறது.

7. ஒரு மறுப்பும் அதன் மதிப்பும்

கருவிக்கு அறத்தில் பங்கே இல்லை எனக் கூறுவது மிகையாகும் என்னும் மறுப்பு இங்கு எழலாம். அதில் உண்மை உண்டு. வெறுங்கண் குறியும் குறுகிய எட்டமும் உடைய ரைபிள் வேட்டுவனை மானுக்கு அருகில் செல்லத் தூண்டுகிறது. அருகில் செல்ல வேண்டுமெனில் காற்றின் திசை, தடம், மேய்ச்சல் நேரம் ஆகியவற்றை அறிய வேண்டும். இவ்வறிவு தொலைநோக்கியின் துணையோடு நெடுந்தொலைவிலிருந்து சுடுபவனுக்குக் கட்டாயமில்லை. இவ்வகையில் பழைய கருவி ஒரு பயிற்சிக் களத்தை அமைக்கிறது.

ஆயினும் அக்களத்தை ஏற்பது வேட்டுவனின் முடிவு. அதே ரைபிளால் எட்டாத் தொலைவில் நின்று சுட்டு, விலங்கைக் காயப்படுத்தி அலையவிடவும் முடியும். அந்நிலையில் கருவியின் குறைவு கொடுமையைக் கூட்டும். மேலும் குழாய்த் தோட்டாவில் பாதுகாப்பாகப் பயன்படும் நெகிழ்முனைக் குண்டுகள் இன்று விற்பனைக்கு வந்து, பழைய எல்லையைத் தளர்த்திவிட்டன. கருவி தந்த கட்டுப்பாட்டைச் சந்தை நீக்கிவிட, பழமையின் தோற்றம் மட்டும் எஞ்சுகிறது. கட்டுப்பாடு வேட்டுவனிடம் இருந்திருந்தால் அது தோட்டாவோடு நீங்கியிராது.

ஃபாக்னரின் 1955ஆம் ஆண்டுச் சிறுகதை ‘ரேஸ் அட் மார்னிங்’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாள் முழுதும் ஒரு பெருங்கலையைத் துரத்தும் மிஸ்டர் எர்னஸ்ட், அது எதிர்ப்படும் தருணத்தில் விசையை அழுத்துகிறார். துப்பாக்கியில் தோட்டா இல்லை. அவரே முன்னதாக அகற்றியிருக்கிறார். மான் அடுத்த நவம்பருக்கு எஞ்சுகிறது. இங்கே துப்பாக்கியின் வகையோ வயதோ பொருட்டன்று. தோட்டாவை எடுத்த கையே கதையின் மையம்.

8. முடிவுரை

மேற்கண்ட வாசிப்பு மூன்று முடிபுகளைத் தருகிறது. முதலாவது, லீவர் ஆக்ஷன் ரைபிள் இன்று சுட்டும் அடக்கம் அதன் பிறப்போடு வந்ததன்று. பின்வந்த கருவிகளோடு ஒப்பிட்டதால் விளைந்தது. இரண்டாவது, இவ்வடக்கத்திற்குச் சான்றாகக் காட்டப்படும் இலக்கிய மரபு, தன் முதன்மையான காட்சிகளில் அதனை மறுக்கிறது. நாட்டியின் கழுகு, ரூஸ்வெல்டின் தோலாடை, லியோபோல்டின் காலியான துப்பாக்கிகள், ஐசக்கின் விசைக்காப்பு ஆகியன யாவும் கருவியின் பெருமைக்கும் கைக்கொண்டவரின் செயலுக்கும் இடையிலுள்ள விலகலைக் காட்டுகின்றன. மூன்றாவது, பழம்பொருளைப் பேணுவதன் வழியே பழம்பிழையைத் தீர்த்ததாக எண்ணும் மனநிலையை ஃபாக்னரின் புனைவு இனவரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குகிறது. வேட்டை எழுத்தைப் பற்றிய ஆய்வு காட்டோடு நின்றுவிட இயலாமைக்கு இதுவே காரணம்.

கருப்பொருள் உரிப்பொருளின் இடத்தைக் கவரும்போது ஒழுக்கம் பொருளாக உறைந்து, வாங்கவும் விற்கவும் பரிசளிக்கவும் கூடியதாகிறது. அருங்காட்சியகப் பொருள்கள், குடும்ப ஆயுதங்கள், தொழிற்கருவிகள் ஆகியவற்றைப் போற்றும் பிற எழுத்துகளையும் இவ்வினாவோடு வாசிக்கலாம். பேணப்படும் பொருள் எந்தக் கடமையின் இடத்தில் வைக்கப்பட்டுள்ளது என்று கேட்பது அவ்வாசிப்பின் முதற்படி. ‘டெல்டா ஆட்டம்’ கதையின் கொம்பு யாருக்குச் சென்றது என்பதோடு, அதனைப் பெற்றவளுக்கு எது மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்து வாசித்தால்தான் அக்கதையின் வழக்கு முழுமையாகக் கேட்கப்படும்.